தராசில் போன பள்ளி அம்ப்ளிபயரும் மூன்று இலட்சத்து "வின்டேஜ்" பெட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் மின்சாரம் பற்றிய பகுதியையாவது வாசியுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

போன மாதம் நமது பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ஸ்டோர் ரூமைத் துப்புரவு செய்தார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். உடைந்த மின்விசிறிகள், துருப்பிடித்த தகரம், பழைய ஹோர்ன் இரண்டு, அவற்றோடு சாம்பல் நிறத்தில் பாரமான ஓர் இரும்புப் பெட்டி. பழைய இரும்புக்காரர் வந்தார், எல்லாவற்றையும் தராசில் வைத்தார், கிலோவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தார், லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இடம் கிடைத்த சந்தோசம்.

அந்தச் சாம்பல் பெட்டி ஒரு வால்வ் அம்ப்ளிபயர். மைக் இரண்டு பூட்டலாம், பின்பக்கம் ஈஎல்34 வால்வ் இரண்டு, 30 வோட்ஸ் அளவில் சத்தம். நமது வாப்பாமார் காலத்தில் பாங்கும் குத்பாவும் மீலாத் மேடையும் அந்த மாதிரிப் பெட்டிகளில்தான் கேட்டன.

அடுத்த கிழமை என்னிடம் படித்த பையன் ஒருவன் போனைக் காட்டினான். "சேர், இதைப் பாருங்க." ஒன்லைன் விளம்பரம். அதே வகைப் பெட்டி, துடைத்து, எண்ணெய் பூசி, வெள்ளைச் சீலையின் மேல் வைத்து எடுத்த படம். "வின்டேஜ் டியூப் அம்ப், கிட்டாருக்கு ஏற்றது." விலை மூன்று இலட்சம். அதே பெட்டிதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே வகை. ஒரே சாமான் பள்ளிக்குள் இருந்தால் இரும்பு, விளம்பரத்தில் வந்தால் பொக்கிசம். இந்த இரண்டு விலையும் எனக்குப் பிழையாகத்தான் படுகிறது. இரண்டு பக்கத்தாரோடும் சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம்மவர்கள்.

பள்ளிக்கு வந்த சாமான் வக்பு. யாரோ ஒரு ஹாஜியார் நிய்யத்து வைத்து வாங்கிக் கொடுத்தது, அல்லது ஊரார் வீட்டுக்கு வீடு சல்லி சேர்த்து வாங்கியது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர் சபையைக் கணக்குக் காட்டச் சொல்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அமானிதம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பயன்படாத சாமானை விற்று, அந்தச் சல்லியைப் பள்ளியின் தேவைக்கே போடுவதில் குறையில்லை. ஆனால் என்ன சாமான் என்று பார்க்காமல், விலை தெரிந்த ஒருவரிடம் கேட்காமல், கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதாமல் தராசில் தூக்கி வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய வெள்ளித் தட்டை இப்படித்தான் கிலோ கணக்கில் போடுவீர்களா?

"சேர், அது வேலை செய்யாது" என்றார் ஒருவர். சரி, ஏன் வேலை செய்யவில்லை? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. வால்வ் பெட்டியில் ஆக விலையான பகுதி இரண்டு ட்ரான்ஸ்போமர்கள். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று, ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்ப ஒன்று. எரிந்து போகாவிட்டால் அவை ஐம்பது அறுபது வருசமும் கிடக்கும். கெடுவது கெப்பேசிட்டர்கள். உள்ளே இருக்கும் ஈரப்பதார்த்தம் இருபது முப்பது வருசத்தில் காய்ந்துவிடும், பிறகு "ஹூம்" என்ற இரைச்சல் வரும். கடதாசியும் மெழுகும் சுற்றிய பழைய சின்னக் கெப்பேசிட்டர்கள் கசியத் தொடங்கினால், பெரிய வால்வுகளுக்குள் இருக்கும் தகடு அடுப்புக் கம்பி போலச் சிவக்கும். அப்படியே ஓட விட்டால்தான் ட்ரான்ஸ்போமரும் போகும். ஆகவே "வேலை செய்யாது" என்று சொன்ன அநேகமான பெட்டிகளில் குறை, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கக்கூடிய சாமானில்தான் இருக்கிறது.

இந்தப் பெட்டிகள் இவ்வளவு காலம் நம்மிடம் எப்படித் தங்கின என்பதற்கும் காரணம் உண்டு. 1970 முதல் 77 வரை இறக்குமதிக்கு இருந்த இறுக்கம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. அந்தக் காலத்தில் வால்வ் போனால் வால்வை மாற்றினார்கள், பெட்டியை மாற்ற வழியில்லை. திருத்துகிறவரின் கை ஊரில் இருந்தது. 77க்குப் பிறகு கதவு திறந்தது, ஜப்பான் டிரான்சிஸ்டர் சாமான்கள் குவிந்தன, வால்வ் பெட்டிகள் ஸ்டோருக்குப் போயின. கெட்டுப் போனதால் போனவை குறைவு. புதிது வந்ததால் போனவையே கூட. 2022இல் டொலர் முன்னூறைத் தாண்டியபோது கதவு பாதி திரும்ப மூடியதே, அப்போதாவது ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம்.

இன்னொருவர் சொன்னார், "இப்ப ஐந்நூறு வோட்ஸ் புளூடூத் செட் வந்திருக்கு, இது எதுக்கு?" ஐந்நூறு வோட்ஸ் எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன். ஹோர்ன் ஸ்பீக்கர் குறைந்த சக்தியில் அதிக சத்தம் தரும் சாமான். 30 வோட்ஸ் பெட்டியோடு கூரையில் இரண்டு ஹோர்ன் வைத்தால் மஹல்லா முழுக்கக் கேட்கும், கேட்டது. வெலிகம கப்புவத்தை முஹியத்தீன் ஜும்ஆப் பள்ளி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2007 நவம்பர் 9ஆம் திகதி பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தீர்ப்புச் சொன்னதை மறந்துவிட்டோமா? ஒலிபெருக்கியால் அடுத்தவரின் அமைதியைக் கெடுப்பது மத உரிமை ஆகாது என்று சொல்லி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று வைத்தார்கள். அந்த வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனவர்கள் பள்ளித் தரப்பினர்தான். அதற்குப் பிறகும் வோட்ஸைக் கூட்டுவதில் போட்டி போடுகிறவர்களிடம், பழைய பெட்டி போதாதென்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

சரி, இனி கிட்டார்.

இந்த இடத்தில் கொமெண்ட் போட விரல் துடிப்பவர்கள் இருப்பீர்கள் என்று தெரியும். கிட்டார் கூடுமா கூடாதா என்பதை ஹஸ்ரத்மாரிடம் கேளுங்கள், நான் முப்தி இல்லை. ஆனால் நமது பிள்ளைகளில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அயலில் இருக்கும் சிங்கள, தமிழ்ப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். அவர்கள் இந்தப் பெட்டிகளை வாங்கவும் செய்கிறார்கள். ஏமாறாமல், சாகாமல் வாங்குவது எப்படி என்று சொல்வதற்கு யாருடைய பத்வாவும் தேவையில்லை.

பள்ளி மைக் பெட்டி கிட்டாருக்கு ஏன் சரி வருகிறது? உலகத்தின் பெயர்போன கிட்டார் அம்ப்ளிபயர்களைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் விளங்கும். லியோ பெண்டர் கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். லண்டனில் ஜிம் மார்ஷல் ட்ரம் விற்றவர். அவருடைய கடையில் 1962இல் செய்த முதல் மொடல், பெண்டரின் பாஸ்மேன் பெட்டியைப் பார்த்துச் செய்தது. வால்வ் கம்பனிகள் அச்சிட்ட சுற்றுப்படங்கள் எல்லாருக்கும் பொது. மேடை மைக்குக்குச் செய்த பெட்டியிலும் கிட்டாருக்குச் செய்த பெட்டியிலும் அதே ஈசிசி83, அதே ஈஎல்34, அதே ஈஎல்84. அமெரிக்கக்காரன் ஈசிசி83ஐ 12ஏஎக்ஸ்7 என்பான், சாமான் ஒன்றுதான். வித்தியாசம் பெயர்ப் பலகையில் இருக்கிறது. பெண்டர் என்று எழுதிய பழைய பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கிறார்கள். பெயர் தெரியாத பழைய மேடைப் பெட்டிக்கு நியாயமாகக் கேட்கக்கூடியது, அதன் ட்ரான்ஸ்போமரும் வால்வும் பெறும் விலையும் திருத்திய கூலியும்தான்.

விளம்பரக்காரருக்கு இதுதான் என் கேள்வி. மூன்று இலட்சத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? துடைத்தீர்கள். கெப்பேசிட்டர் மாற்றினீர்களா? இல்லை. எர்த் வயர் போட்டீர்களா? இல்லை. "ஒரிஜினல் பார்ட்ஸ், கை வைக்கவில்லை" என்று அதையே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அறுபது வருசம் பழைய கெப்பேசிட்டர் ஒரிஜினலாக இருப்பது, அறுபது வருசம் பழைய பிரேக் ஒரிஜினலாக இருக்கும் பஸ்ஸை விற்பது மாதிரி. அக்குறணை இறக்கத்தில் அந்த பஸ்ஸில் ஏறுவீர்களா?

வாங்கப் போகும் தம்பிமாருக்கு. காசு கொடுக்க முன் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். திறந்து காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ட்ரான்ஸ்போமரை மணந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் மணம் ஒரு தரம் மூக்கில் ஏறினால் மறக்காது, அந்த மணம் இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். பிங்கா ஓயா பெருகும்போது கீழ்த்தட்டில் கிடந்த பெட்டியா என்று துருக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் குடித்த ட்ரான்ஸ்போமரை நம்பக்கூடாது. பின்னால் எத்தனை வோல்ட் என்று அடித்திருக்கிறது என்று வாசியுங்கள். அமெரிக்கப் பெட்டி 110, 117 என்று இருக்கும், நமது 230இல் செருகினால் ஒரு நிமிசத்தில் கதை முடியும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் தனிச் செலவு, அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வால்வ் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். பொய். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சரத்தோவ் தொழிற்சாலை, சீனாவில் செய்வது என்று இன்றைக்கும் புது வால்வ் வருகிறது. சின்ன வால்வ் 15, 20 டொலர் அளவில். பிரித்தானிய முலார்ட் என்று பழைய பெயரைச் சொல்லி அதன் பல மடங்கு கேட்பவரிடம் சலாம் சொல்லிவிட்டு வாருங்கள். சின்ன வால்வ் பல வருசம் உழைக்கும், வருசா வருசம் மாற்றத் தேவையில்லை. வோட்ஸிலும் ஏமாற வேண்டாம். பெண்டர் சேம்ப் என்ற பெட்டியில் வால்வ் மூன்றே மூன்று, சக்தி 5 வோட்ஸ் அளவு. வீட்டில் அதை முழுக்கத் திறந்தால் உம்மா விளக்குமாற்றோடு வருவார்.

மைக் பெட்டியின் பின்னால் ஸ்பீக்கர் பூட்ட நாலைந்து முனை இருக்கும். 4, 8, 16 ஓம் என்று சில, 100 வோல்ட் என்று ஒன்று. 100 வோல்ட் முனை, தூரத்து ஹோர்ன்களுக்கு நீளமாக வயர் இழுப்பதற்கு. கிட்டார் ஸ்பீக்கரை அதில் பூட்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கரை 8இல் பூட்டுங்கள். ஸ்பீக்கர் பூட்டாமல் பெட்டியைப் போட்டு வாசித்தால் சத்தம் போக வழியில்லாமல் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் வெடித்துப் போகும். டிரான்சிஸ்டர் பெட்டியில் பழகியவர்கள் இதில்தான் கூடுதலாக நாசம் பண்ணுகிறார்கள்.

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன விசயம்.

யூடியூப் பார்த்து உள்ளே கை வைக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குப் பயம். வால்வ் பெட்டிக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றினாலும் கெப்பேசிட்டருக்குள் அது தங்கி நிற்கும், சில பெட்டிகளில் நீண்ட நேரம். "வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்லை" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். விளங்கிக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது, வீட்டு லைனில் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமனா என்பதை. பெட்டிக்குள் ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 400 வோல்ட், உங்கள் உடம்பு வழியாகப் பெட்டியின் இரும்புக்கே திரும்பி வந்தால் வீட்டு லைனில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவிட்ச் விழாது. நீங்கள் விழுவீர்கள்.

இரண்டாவது, எர்த். கிட்டாரின் இரும்புக் கம்பிகள், கேபிள் வழியாகப் பெட்டியின் இரும்போடு சேர்ந்தவை. பெட்டிக்குள் ஒரு கசிவு, பின்பக்கம் இரண்டு வயர் மட்டும் என்றால், வாசிப்பவன் கையில் பிடித்திருப்பது லைனை. ஸ்கொட்லாந்துக் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி 1972 மே 3ஆம் திகதி சுவொன்சியில் மேடையில் மைக்கைத் தொட்ட இடத்தில் மௌத்தானார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ப் 1976 மே மாதம் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவரும் தொழில்காரர்கள். ஆகவே முதல் வேலை மூன்று வயர் கேபிள் பூட்டி, எர்த்தைப் பெட்டியின் இரும்பில் இறுக்கித் திருகுவது. வீட்டுச் சுவரில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்ப்பிக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை அலங்காரத்துக்குத்தான்.

மூன்றாவது, பழைய ரேடியோவைக் கிட்டார் அம்ப்ளிபயராக மாற்றும் பைத்தியம். வால்வின் பெயரில் முதல் எழுத்தைப் பாருங்கள். "ஈ" என்றால் 6.3 வோல்ட் வால்வ், பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் உள்ள செட். "யூ" என்று தொடங்கினால், யூசிஎல்82, யூஎல்84 மாதிரி, வால்வுகளை வரிசையாகக் கோத்து மெயின் லைனிலேயே ஓடவிட்ட செட். அநேகமாக அதில் மெயின் ட்ரான்ஸ்போமரே கிடையாது, லைனின் ஒரு முனை நேரே உள்ளிரும்பில் இருக்கும். பலகைப் பெட்டிக்குள் இருக்கும் வரை ஆபத்தில்லை. அதில் கிட்டார் ஜெக் ஒன்றைப் பூட்டினீர்களானால் பிள்ளையின் கையில் 230 வோல்ட்டைக் கட்டிக் கொடுத்தீர்கள் என்று அர்த்தம். அந்த ரேடியோ ரேடியோவாகவே இருக்கட்டும். நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவை கேட்ட செட், அதை வெட்டிக் கிழிக்கவும் வேண்டாம்.

அப்படியென்றால் யார் திருத்துவது? இதில்தான் எனக்கு ஆகவும் கோபம். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வால்வ் தெரிந்த ரேடியோ பாஸ்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டியவர்கள். போன் டிஸ்ப்ளே மாற்றும் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையோடு ஒதுங்கிக் கிடக்கிறார்கள். கெப்பேசிட்டரை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்து, ஒரு கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மற்றக் கையால் வேலை செய்வார்கள். ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு நெஞ்சு வழியாக மின்சாரம் போகக்கூடாதே, அதற்காக. வருசக்கணக்கில் கிடந்த பெட்டியை முதல் தரம் போடும்போது, பழைய கம்பி பல்ப் ஒன்றைத் தொடரில் பூட்டிப் போடுவார்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷோர்ட், உடனே நிறுத்தலாம். பெட்டி எரியாது. எல்ஈடியில் இது நடக்காது, கம்பி பல்ப் கிடைத்தால் ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். இப்படிப்பட்ட மனிதரிடம் ஆயிரம் ரூபாவுக்குப் பேரம் பேசிவிட்டு, விளம்பரத்துக்கு மூன்று இலட்சம் கட்டுகிறோம்.

நமது பாடசாலைகளில் சாதாரண தரத்துக்கு மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கெப்பேசிட்டர் என்றால் என்ன என்று பரீட்சைக்கு எழுதுவார்கள், காய்ந்த கெப்பேசிட்டர் ஒன்றைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, நாளைக் கூலி கொடுத்து, மின்சாரம் துண்டித்து இறக்கிய ஒரு பெட்டியை மேசையில் திறந்து வைத்தால் இரண்டு தவணைப் பாடம் ஒரு காலையில் நடக்கும். இதைப் பள்ளி நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து செய்யலாம். சீட்டுப் பிடித்து மேடை போடும் செலவில் பத்தில் ஒன்று போதும்.

ஆகவே நம்பிக்கையாளர் சபையில் இருக்கும் நானாமாரிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஸ்டோரைத் திறக்க முன் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு வார்த்தை அறிவியுங்கள். சாமான்களைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுமத்தில் போடுங்கள். வால்வ் பெட்டி என்றால் பாஸிடம் காட்டி, திருத்தக்கூடியதைத் திருத்தி மத்ரஸா மண்டபத்துக்கு வையுங்கள். மிச்சத்தைக் கேள்வி விலைக்கு விற்றுக் கணக்குப் பலகையில் எழுதுங்கள். யாரும் பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டாம். வால்வுகள் தளர்ந்திருந்தால் கழற்றி, எது எந்த ஓட்டை என்று எழுதி, கடதாசியில் சுற்றித் தனியாக வையுங்கள். பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ட்ரான்ஸ்போமர் பக்கம்தான் பாரம், அந்தப் பக்கத்தைப் பலசாலி பிடிக்கட்டும்.